வேலை போன வருஷம்: யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்னு நெனச்ச விஷயங்கள்

2023 மே மாசம் எனக்கு வேலை போச்சு. சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல ஒரு ஐடி கம்பெனி, டெஸ்ட் லீடா இருந்தேன், வயசு 39. வீட்டுக்காரர் தவறி சில வருஷம் ஆச்சு, எட்டாவது படிக்கிற பொண்ணு, கோவில்பட்டிலேருந்து வந்து எங்ககூட இருக்குற அம்மா, மேடவாக்கத்துல லோன் போட்டு வாங்குன ஃபிளாட், அதுக்கு மாசம் 31,400 ரூபா இஎம்ஐ. வீட்டுல சம்பாதிக்கிற ஆள் நான் ஒருத்திதான். அடுத்த வேலை கெடச்சது 2024 ஜனவரி. நடுவுல நான் பட்டதுல பாதிக்கும் மேல வேலை போனதால வந்ததுகூட இல்ல, வேலை போன உடனே எந்தெந்த கதவு எந்தெந்த தேதியில சாத்தப்படும்னு யாரும் சொல்லாததால வந்தது. தைரியமா இருங்க, எல்லாம் நல்லதுக்கேன்னு சொல்ல ஊருல நூறு பேர் இருந்தாங்க, இன்ஷூரன்ஸ் எப்ப முடியுதுன்னு கேட்டு வைமான்னு சொல்ல ஒருத்தர் இல்ல. அதான் எழுதுறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மீட்டிங்னு கூப்பிட்டாங்க. எச்ஆர்ல ஒரு பொண்ணும் என் மேனேஜருக்கு மேனேஜரும் இருந்தாங்க. டேபிள்ல ராஜினாமா கடிதம் டைப் பண்ணி ரெடியா இருந்துச்சு. "நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் க்ளீனா வரும் மேம், ரெண்டு மாச சம்பளமும் சேர்த்துக் குடுத்துருவோம், இல்லைன்னா டெர்மினேஷன்னு போட வேண்டியிருக்கும்"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு, அது கையும் நடுங்கிச்சு, அதுக்கும் அது புது வேலைதான் போல. எனக்குக் காது அடைச்ச மாதிரி ஆயிருச்சு. ஆனா உங்க வீட்டுல இருக்குற ஒவ்வொருத்தரோட பாதுகாப்பும் அந்த ஒரு கையெழுத்துல இருக்கு, அதனால அந்த ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போடாதீங்க. "படிச்சுப் பாக்கணும், எல்லாத்தையும் மெயில்ல அனுப்புங்க, திங்கக்கிழமை சொல்றேன்"னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருங்க. நான் அப்படித்தான் வந்தேன். அந்த சனி ஞாயிறுல தொழிலாளர் கேஸ் பாக்குற ஒரு வக்கீலைப் போய்ப் பாத்தேன், 1,500 ரூபா ஃபீஸ், அந்த வருஷம் நான் செலவழிச்சதுலயே பிரயோஜனமான காசு அதுதான். அவர் சொன்னது என்னன்னா, நீங்களே ராஜினாமா குடுத்துட்டா ஆட்குறைப்பு இழப்பீடுன்னு பின்னாடி கேக்க வழி அடைஞ்சு போகும், ஐடி கம்பெனிக்கும் தொழிற்தகராறு சட்டம் பொருந்தும்தான், ஆனா லீடு மேனேஜர்னு பேர் இருந்தா நீங்க தொழிலாளியா இல்லையான்னே வருஷக்கணக்குல வாதாடுவாங்க, அதுக்கு உங்ககிட்ட தெம்பு இருக்கான்னு யோசிச்சுக்கோங்க மேடம்னாரு. என்கிட்ட தெம்பு இல்ல. அதனால ரெண்டு மாசத்துக்குப் பதிலா மூணு மாசச் சம்பளம், லீவு என்கேஷ்மென்ட், ரிலீவிங் லெட்டர் எந்தத் தேதிக்குள்ளன்னு எல்லாத்தையும் எழுத்துல வாங்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். என்கூட அதே நாள் கூப்பிட்டவங்க நெறைய பேர் ரெண்டு மாசத்துக்கே போட்டுட்டாங்க, பாவம், கேக்கலாம்னே யாருக்கும் தெரியல.

இன்னொண்ணு, கையெழுத்துப் போட்ட அன்னிக்கு சாயங்காலமே லேப்டாப் லாக் ஆயிருச்சு. பே ஸ்லிப், ஃபார்ம் 16, அப்ரைசல் லெட்டர், இன்ஷூரன்ஸ் கார்டு எல்லாமே கம்பெனி போர்ட்டல்லதான இருக்கும், அதை அப்புறம் ஒவ்வொண்ணா கெஞ்சித்தான் வாங்கணும். இப்ப வேலையில இருக்குறவங்க எல்லாரும் மாசாமாசம் உங்க பே ஸ்லிப்பை சொந்த மெயில்ல போட்டு வைங்க (கம்பெனி டாக்குமென்ட்டை அனுப்பாதீங்க, அது வேற பிரச்சனை, உங்க சொந்த பேப்பரை மட்டும்). அதே மாதிரி யூஏஎன் (பிஎஃப்புக்கான நம்ம நிரந்தர எண்), பேங்க் ரெண்டுலயும் கம்பெனி குடுத்த சிம் நம்பர் இருந்தா இன்னிக்கே மாத்துங்க, ஓடிபி வராம தவிச்சவங்களைப் பாத்திருக்கேன்.

இப்ப என்னை நெஜமாவே உடைச்ச விஷயத்துக்கு வர்றேன். ஜூலைல ஒருநாள் ராத்திரி அம்மாவுக்கு வயித்து வலி, வாந்தி, வலது விலாவுக்குக் கீழ கை வைக்க முடியல. பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினோம், ஸ்கேன் பண்ணிட்டு பித்தப்பையில கல்லு, வீங்கிப் போச்சு, ஆபரேஷன் பண்ணணும்னுட்டாங்க. பாலிசி இருக்கான்னு கவுன்டர்ல கேட்டாங்க. கம்பெனி க்ரூப் பாலிசி என் கடைசி வேலை நாளோட முடிஞ்சிருந்துச்சு. மாசக் கடைசி வரைக்கும்கூட இல்ல, கடைசி நாளோடயே. 1,38,000 ரூபா. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கிட்டு ஃபோன்ல பேங்க் பேலன்ஸைப் பாத்துப் பாத்து மூடினேன், அந்த நேரத்துல எனக்கு வந்தது அழுகைகூட இல்ல, கோவம். அஞ்சு வருஷத்துக்குப் பக்கமா அம்மாவுக்காக என் சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சிருக்காங்க, போகும்போது ஒரு வார்த்தை சொல்லல.

சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை இதுதான்: க்ரூப் பாலிசில இருந்து வெளிய வரும்போது அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாறிக்க வழி இருக்கு, மைக்ரேஷன்னு சொல்வாங்க. அப்படி மாறினா க்ரூப்ல நீங்க ஏற்கனவே கழிச்ச காத்திருப்பு காலம் கணக்குல வரும். புதுசா போய் ஒரு பாலிசி எடுத்தா என்ன ஆகும்னா, விபத்தைத் தவிர மத்ததுக்கு முதல் 30 நாள் க்ளெய்ம் கிடையாது, பித்தப்பைக் கல்லு, குடலிறக்கம், கண்புரை மாதிரி சிலதுக்குப் பெரும்பாலான பாலிசில ரெண்டு வருஷம் காத்திருக்கணும், சர்க்கரை பிரஷர் மாதிரி ஏற்கனவே இருக்குற நோய்க்கு அதைவிடவும் கூட. அதனால வேலை போகுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே எச்ஆர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: பாலிசி எந்தத் தேதி முடியுது, பாலிசி நம்பர் என்ன, மைக்ரேஷனுக்கு யார்கிட்ட பேசணும். கடைசி நாளுக்கு முன்னாடியே விண்ணப்பத்தைக் குடுத்துருங்க. இன்னும் நல்லது, வேலை இருக்கும்போதே அப்பா அம்மாவுக்குத் தனியா ஒரு பாலிசி எடுத்துருங்க, சின்னத் தொகையா இருந்தாலும் பரவால்ல. 2025 செப்டம்பர் 22லேருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் கிடையாது, முன்னாடி 18 சதவீதம் கட்டிட்டு இருந்தோம்.

அந்த 1,38,000ஐ எப்படிக் கட்டினேன்னா, நகைதான். எட்டு பவுன் எடுத்துட்டு அரசு வங்கிக்குப் போனேன். அன்னிக்கு இருந்த விலைக்கு 2,40,000 குடுத்தாங்க, வட்டி வருஷத்துக்கு 9 சதவீதத்தை ஒட்டி. நகையை அடகு வைக்கிறது எங்க ஊர்ல இன்னும் ஒரு மாதிரி மானப் பிரச்சனை, அம்மா மூஞ்சியைப் பாக்கவே எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க, வேலை இல்லாதவங்களுக்கு பர்சனல் லோன் கெடைக்கவே கெடைக்காது, கிரெடிட் கார்டுல மினிமம் மட்டும் கட்டிட்டு மிச்சத்தைத் தள்ளினா மாசத்துக்கு 3.5 சதவீதம்னு வச்சாலே வருஷத்துக்கு 42 ஆகுது. ஃபோன்ல அஞ்சு நிமிஷத்துல கடன் தர்ற ஆப் பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க, உங்க கான்டாக்ட் லிஸ்ட்ல இருக்குற எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பி அசிங்கப்படுத்துவாங்க, எங்க அபார்ட்மென்ட்லயே ஒரு குடும்பத்துக்கு நடந்துச்சு. நகைக்கடன் வைக்கும்போது மாசாமாசம் வட்டி கட்டணுமா, வருஷக் கடைசில மொத்தமா கட்டணுமா, மறந்துட்டா ஏலம் எப்பன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

வீட்டு லோன் பத்தி. பணம் தீர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. அக்கவுன்ட்ல காசு இல்லாம இஎம்ஐ திரும்பிச்சுன்னா சம்பளம் வர்ற பேங்க்ல ஒரு அபராதம், லோன் குடுத்த பேங்க்ல ஒரு அபராதம், சிபில்லயும் (நம்ம கடன் வரலாற்றுப் பதிவு) அடி. 90 நாளைக்கு மேல பாக்கி நின்னா வாராக்கடன்னு ஆயிரும், அதுக்கப்புறம் 60 நாள் நோட்டீஸ், அப்புறம் வீட்டையே எடுக்கலாம்னு சட்டம் இருக்கு. நான் ஒரு தவணைகூட தவறாத நெலைமையிலயே பிராஞ்சுக்குப் போய் மேனேஜரைப் பாத்து விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது தொண்டை அடைச்சிருச்சு, அவர் தண்ணி குடுத்தாரு. காலத்தை நீட்டிச்சு இஎம்ஐய 26,000 கிட்ட கொறைக்கலாம்னு சொன்னாரு. இதுல ஒரு கேள்வி கட்டாயம் கேக்கணும், இதை சிபில்ல மறுசீரமைப்புன்னு பதிவு பண்ணுவீங்களா மாட்டீங்களான்னு. பண்ணினா பின்னாடி வேற லோன் கேக்கும்போது அது தெரியும். எங்க பேங்க்ல பண்ணுவோம்னாங்க, அதனால நான் கொறைக்கல, நகைக்கடன்ல மீதி இருந்ததையும் அந்த மூணு மாசச் சம்பளத்தையும் வச்சுக் கட்டிட்டு வந்தேன். வேற வழியே இல்லைன்னா பதிவானாலும் பரவால்லன்னு கொறைச்சுக்கோங்க, தவறவிடுறதுக்கு அது எவ்வளவோ மேல்.

பிஎஃப் கதை ஒரு பெரிய கதை. நம்ம ஊருல இனிஷியல்னு ஒண்ணு இருக்கே, அது படுத்துற பாடு. ஆதார்ல என் பேருக்குப் பின்னாடி இனிஷியல், பான் கார்டுல அப்பா பேர் முழுசா, பழைய கம்பெனி பிஎஃப்ல இனிஷியலே இல்ல. க்ளெய்ம் போட்டா பேர் ஒத்துப் போகலன்னு ரிஜெக்ட். அப்ப அதைத் திருத்த கம்பெனியோட சேந்து கூட்டு உறுதிமொழி குடுக்க வேண்டியிருந்துச்சு, அதுல ஒரு பழைய கம்பெனி ஆபீஸையே மூடிட்டுப் போயிருந்தாங்க. கிட்டத்தட்ட மூணு மாசம் அதுலயே போச்சு. போதாததுக்கு கடைசியா வேலை பாத்த கம்பெனி எக்ஸிட் தேதிய, அதாவது நான் வேலைய விட்ட தேதியப் போடல. கம்பெனி போடலைன்னா, கடைசி சந்தா வந்து ரெண்டு மாசம் கழிச்சு நம்மளே யூஏஎன் போர்ட்டல்ல போட்டுக்கலாம்னு ஒரு நெட் சென்டர் தம்பிதான் காமிச்சுக் குடுத்தாரு, நல்லா இருக்கட்டும். வேலையில இருக்கும்போதே ஒரு மத்தியானம் உக்காந்து ஆதார், பான், பேங்க், யூஏஎன் நாலுலயும் பேரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க, பழைய கம்பெனி பிஎஃப் எல்லாத்தையும் ஒண்ணா மாத்தி வைங்க. மாத்தலைன்னா மொத்த சர்வீஸ் அஞ்சு வருஷம்னு காமிக்க முடியாம, 50,000க்கு மேல எடுக்கும்போது வரி பிடிப்பாங்க.

எல்லாத்தையும் எடுத்துரலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். அம்மாதான் வேணாம்னாங்க. "தாயி, மழை இல்லாத வருஷத்துல கம்பங்கூழு குடிச்சாலும் குடிப்போம், பானையில விதைக்குன்னு எடுத்து வச்ச சோளத்துல கை வைக்க மாட்டோம்"னாங்க. கரிசக்காட்டு விவசாயம் பாத்தவங்க, வானத்தை நம்பியே வாழ்ந்தவங்க, அவங்க சொன்னது எனக்கு எந்த ஃபைனான்ஸ் ஆலோசனையைவிடவும் புரிஞ்சுது. அக்டோபர்ல தேவையான 2 லட்சத்தை மட்டும் எடுத்தேன், மிச்சத்தைத் தொடல.

கிராஜுட்டி, அதாவது அஞ்சு வருஷம் வேலை பாத்தவங்களுக்குப் போகும்போது கம்பெனி குடுக்க வேண்டிய பணிக்கொடை, அது பத்தி இதைத் தயவுசெஞ்சு எல்லாருக்கும் சொல்லுங்க. நான் 2018 ஆகஸ்ட்ல சேந்தேன், 2023 மே மாசம் வெளிய வந்தேன், அதாவது அஞ்சு வருஷம் ஆகல, 4 வருஷம் 9 மாசம். "அஞ்சு வருஷம் ஆகலையே, வராது"ன்னுட்டாங்க. நானும் சரின்னு விட்டிருப்பேன், அந்த வக்கீல்தான் சொன்னாரு, 1998ல மேட்டூர் பியர்ட்செல் வழக்குல மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு, நாலு வருஷம் முடிச்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருந்தா அஞ்சு வருஷமா எடுத்துக்கணும்னு. நான் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு ஃபார்ம் ஐ விண்ணப்பத்தைப் பதிவுத் தபால்லயும் மெயில்லயும் அனுப்பினேன். பதிலே இல்ல. 30 நாளைக்குள்ள தரணும், தாமதமானா வட்டியோட தரணும், இல்லைன்னா தொழிலாளர் துறை அதிகாரிகிட்ட போவேன்னு ரெண்டாவது மெயில் போட்டேன், அப்புறம்தான் அசைஞ்சாங்க. அப்ப இருந்த கணக்கு ரொம்ப சிம்பிள்: கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி வருஷத்தால பெருக்கணும். எனக்கு அடிப்படை 46,800, அதை வகுத்தா 1,800, பதினஞ்சு நாளுக்கு 27,000, அஞ்சு வருஷத்துக்கு 1,35,000. அம்மா ஆஸ்பத்திரி பில்லுக்குக் கிட்டத்தட்ட சரியா வந்துச்சு. என்கூட போனவங்கள்ல இதே மாதிரி நாலே முக்கால் வருஷத்துல இருந்த இன்னும் சில பேருக்கு அந்த மெயிலை அப்படியே அனுப்பிவிட்டேன், அவங்களுக்கும் வந்துச்சு.

மனசு விஷயம். பணத்தைவிட அது கஷ்டம். காலைல பொண்ணை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வந்து உக்காந்தா பத்து மணிக்கே நாள் முடிஞ்ச மாதிரி இருக்கும். செக்யூரிட்டி அண்ணன் "இன்னிக்கும் லீவாம்மா"ன்னு சாதாரணமாத்தான் கேப்பாரு, எனக்கு நெஞ்சுல குத்தும். ஊருல கல்யாணம் காட்சின்னா போறதில்ல, போனா கேப்பாங்களேன்னு. தூக்கம் போச்சு. ஒருநாள் பொண்ணு வந்து "அம்மா, நான் டான்ஸ் கிளாஸ் நிறுத்திக்கிறேன்"னு அதுவா சொல்லுச்சு, அன்னிக்கு பாத்ரூம்ல குழாயத் தொறந்துவிட்டுட்டு அழுதேன். மறுநாள் 14416க்கு ஃபோன் பண்ணினேன், அரசோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசுறாங்க, காசு கிடையாது. அந்தப் பக்கம் பேசின பொண்ணு அட்வைஸ் எதுவும் பண்ணல, எப்ப தூங்குறீங்க, எப்ப வெளிய போறீங்கன்னு மட்டும் கேட்டுச்சு. வீட்டுல இருக்காதீங்க, தினமும் ஒரு இடத்துக்குப் போங்கன்னு சொல்லுச்சு.

அப்படித்தான் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போக ஆரம்பிச்சேன். பொம்பளைங்களுக்கு சாதாரண கட்டண பஸ்ல டிக்கெட் கிடையாது, லைப்ரரியும் ஃப்ரீ, நம்ம சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே இருக்கு. சாப்பாடு டப்பா கட்டிட்டு ஆபீஸ் போற மாதிரியே ஒன்பது மணிக்குக் கெளம்பிருவேன். சுத்தி டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி படிக்கிற பசங்க, அவங்க படிக்கிற வேகத்தைப் பாத்தாலே நமக்கும் உக்காரத் தோணும். ஆட்டோமேஷன் டெஸ்டிங்கை அங்க உக்காந்துதான் புதுசா படிச்சேன், புது வேலை அதுலதான் கெடச்சது. மத்தியானம் வெளிய சாப்பிடும்போது யார்கிட்டயாவது நாலு வார்த்தை பேசுவேன். அந்த நாலு வார்த்தை இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியல.

வேலை தேடும்போது ஏமாத்துக்காரங்க மோப்பம் பிடிச்சு வருவாங்க. நேரா ஆஃபர் லெட்டர் தர்றோம், செக்யூரிட்டி டெபாசிட் 45,000 கட்டுங்கன்னு எனக்கே ஃபோன் வந்துச்சு. எந்த ஒழுங்கான கம்பெனியும் வேலைக்கு எடுக்க உங்ககிட்ட காசு கேக்காது. என்கூட வேலை பாத்த தம்பி ஒருத்தர் டெலிகிராம்ல ரிவ்யூ போட்டா காசுன்னு ஆரம்பிச்சு ஒரு லட்சத்துக்கு மேல விட்டாரு, உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு ஃபோன் பண்ணினதால கொஞ்சம் தொகையை நடுவுலயே முடக்க முடிஞ்சுது. பணம் போனா அழுதுட்டு உக்காராம அந்த நிமிஷமே அந்த எண்ணுக்கு அடிங்க, நேரம் ஆக ஆகப் பணம் கை மாறிட்டே போகும்.

டிசம்பர் 4, 2023 எனக்கு ஃபைனல் ரவுண்டு இன்டர்வியூ. அன்னிக்குத்தான் மிக்ஜாம் புயல் மழை, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் தண்ணி, எங்களுக்குக் கரன்ட்டும் இல்ல நெட்டும் இல்ல. முந்தின நாளே மழை வலுத்ததைப் பாத்து, கரன்ட் போனா நான் வர முடியாமப் போகலாம், எப்ப சொன்னாலும் தயார்னு அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டு வச்சிருந்தேன். அடுத்த வாரம் தள்ளி வச்சாங்க. ஜனவரில சேந்தேன், பழைய சம்பளத்தைவிட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. ஒத்துக்கிட்டேன், இன்னும் அங்கதான் இருக்கேன். நகையை மீட்க ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, வட்டி மட்டுமே 20,000க்கு மேல போச்சு.

ஒரு விஷயம் கவனம், நான் சொன்ன சட்டமெல்லாம் 2023 நெலவரம். அப்ப வேலை போய் ஒரு மாசத்துல பிஎஃப்ல 75 சதவீதமும் ரெண்டு மாசத்துல மிச்சமும் எடுக்கலாம். 2025 அக்டோபர்ல பிஎஃப் வாரியம் இதை மாத்த முடிவு பண்ணிருச்சு, 75 சதவீதம் உடனே எடுக்கலாம், மீதி 25ஐ எடுக்க 12 மாசம் ஆகும்னு. 2025 நவம்பர்ல புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்திருக்கு, ஆட்குறைப்பு, கிராஜுட்டி ரெண்டும் அதுக்குள்ள வருது. அதனால உங்க தேதிக்கு எந்த விதி பொருந்தும்னு ஒரு தொழிலாளர் வக்கீல்கிட்ட கேட்டுட்டுப் பேசுங்க. போகும்போது அப்பாயின்ட்மென்ட் லெட்டர், கடைசி மூணு பே ஸ்லிப், அவங்க அனுப்பின மெயிலோட பிரின்ட், இது மூணையும் கையில எடுத்துட்டுப் போங்க, பாத்த உடனே அவங்களால பதில் சொல்ல முடியும்.